கோர்ட் கலையும் வரை

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர் வேலைக்கு நான் தேர்வாகிவிட்டதாகத் தபால் வந்தபோது, நான் ஏற்கெனவே சிறைத்தண்டனை ஒன்றை அனுபவித்து முடித்திருந்தேன். தண்டனைக் காலம் ஒரு பகல். அனுபவித்த இடம் மைசூர் கோர்ட்டில் ஒரு கடைசி பெஞ்சு. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த வருஷம் முழுக்க எனக்கு எதுவுமே சரியாக வரவில்லை.

வேலை என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா கட்டட மேஸ்திரி. தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கத்து ராமாபுரத்தில் விவசாயம் கைகொடுக்காமல் மைசூருக்கு வந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். மழை பிடித்துக்கொண்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. மழை பெய்கிற நாளிலும் சம்பளம் தருகிற ஓர் இடத்தில் போய் உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதைவிடப் பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை. அதற்காகத்தான் பி.காம். முடித்த கையோடு ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தட்டச்சு சீனியர் பாஸ் செய்தேன். வேலைக்கான பரீட்சையையும் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அக்காவுக்கு ஹனூரில் மாப்பிள்ளை அமைந்தது அந்தச் சமயத்தில்தான்.

கல்யாணத்தன்று அம்மா கட்டிக்கொள்ள ஒரு சேலை வேண்டியிருந்தது. மார்க்கெட் பக்கத்தில் புதிதாக ஒரு ஜவுளிக்கடை திறந்திருந்தார்கள். கடை மாடியில். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டாள்.

"நீயே போய்ப் பாத்து எடு கண்ணு. அரக்கு நெறம். கருப்பு ஒரு நூலு கலந்திருந்தாக்கூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் மல்லிகை விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். பூக்காரியும் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலி மறந்துபோனது.

கல்யாணச் சேலையில் கருப்பு கலக்கக் கூடாது. இது அம்மா கண்டுபிடித்ததல்ல, எங்கள் பக்கம் எல்லோரும் பார்ப்பதுதான். அடர்ந்த நிறத்தில் கருப்பு கலந்திருக்கிறதா என்பது விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. அதனால் ஹனூர், ராமாபுரம் கடைகளில் பிடித்த சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். "வெயில்ல கொண்டுபோய்ப் பாருங்க" என்று கடைக்காரரே சொல்லுவார். சில சமயம் சேலை தெருவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் மாமியார் வரைக்கும் போய்த் திரும்பி வரும். அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. சேலை எடுப்பது என்றாலே அப்படித்தான் என்று நானும் வளர்ந்திருந்தேன்.

மாடியில் வெள்ளை மெத்தை விரித்து, மேலே வரிசையாக ட்யூப்லைட் போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் உட்கார வேண்டும். கூட்டமான கூட்டம். சேல்ஸ்மேன் என் முன்னால் அரக்கு நிறத்தில் சேலைகளாக விரித்துப் போட்டார். ட்யூப்லைட்டில் எல்லாமே ஒரே மாதிரி பழுப்பாகத் தெரிந்தன. ஒன்று மட்டும் பிடித்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "வெயில்ல பாத்துட்டு, கீழ அம்மாக்குக் காட்டிட்டு வர்றேன்" என்றேன். அதற்குள் பக்கத்தில் இருந்த இன்னொரு குடும்பத்துக்கு விரித்துக் காட்டத் தொடங்கியிருந்த சேல்ஸ்மேன் தலையை ஆட்டினார். எனக்குத்தான் ஆட்டினார் என்று அன்றைக்கு நினைத்தேன். கைப்பை மெத்தைமேல் இருந்தது. செருப்பு கதவோரம் இருந்தது. சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு படி இறங்கினேன்.

கீழே கடைசிப் படியைத் தாண்டி வெயிலில் கால் வைத்ததும் வாட்ச்மேன் என் மணிக்கட்டைப் பிடித்தார். எதிர்ப்பக்கம் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பூ முழம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடுவதற்குள் என்னை மேலே இழுத்துப்போய்விட்டார்கள். அம்மா திரும்பிப் பார்த்தபோது கூட்டம்தான் தெரிந்திருக்கிறது.

அந்தக் கடையில் கொஞ்ச நாளாகச் சேலைகள் காணாமல் போயிருக்கின்றன. போன சேலைக்கு சேல்ஸ்மேன்கள் சம்பளத்தில் பிடித்தம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலாளி சேல்ஸ்மேனிடம், "நீ சொல்லி அனுப்பினியா?" என்று கேட்டார். அந்த ஆள் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார்.

"இல்ல சார். நான் பாக்கவே இல்ல" என்றார்.

அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. யாரோ ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், நான் வேடிக்கை பார்க்கிறேன் என்பது போலத்தான் இருந்தது.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டரிடம் எனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைச் சொன்னேன். திருடுகிறவள் கைப்பையையும் செருப்பையும் விட்டுவிட்டா போவாள்?

"ஓடறவ நின்னு செருப்பு மாட்டிட்டா ஓடுவா?" என்றார் அவர். நல்ல பதில்தான். நானே ஒரு நிமிஷம் யோசித்தேன்.

இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு முந்நூற்று எண்பது. கட்டடத்துக்குள் நடந்த திருட்டு. ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று எழுதினார்கள். பெண் என்பதால், அப்பா வேலை பார்த்த காண்ட்ராக்டர் வந்து பொறுப்பேற்றுக்கொண்டதும் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேஸை விட்டுவிடுவார் என்று அப்பா நம்பினார். இரண்டு தடவை போய்க் கேட்டும் பார்த்தார். கடைக்காரர் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, "போலீஸ் கேஸ் ஆயித்தல்லா மேஸ்திரி, நன் கைல ஏனூ இல்ல" என்று, தன் கையில் ஒன்றும் இல்லை எனக் கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்.

காண்ட்ராக்டரே ஒரு வக்கீலையும் காட்டிவிட்டார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். நான் திருடவில்லை என்பதை அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நம்பிவிட்டு, அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது போல ஃபைலை மூடினார்.

"கேஸ் நடத்தலாம்மா. ஜெயிக்கவும் சான்ஸ் இருக்கு. ஆனா சாட்சி, வாய்தா, அது இதுன்னு வருஷக்கணக்கா இழுக்கும். ஒப்புக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும். சின்னதா ஃபைன், அவ்ளோதான்."

"அம்மா கீழதானே இருந்தாங்க. எதுக்கு எடுத்துட்டு வந்தேன்னு அவங்க சொல்லலாமே சார்?" என்று கேட்டேன்.

"அவங்க பாக்கலையேம்மா. அப்படியே பாத்திருந்தாலும், பெத்த தாய் பொண்ணுக்குச் சாதகமா சொல்றதை யார் எடுத்துக்குவாங்க?"

அப்பா வக்கீலிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பெரிய மகள் கல்யாணத்துக்கு முன்னால் இது முடிந்துவிடுமா? முடிந்துவிடும் என்றார் வக்கீல். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஒப்புக்கோ அம்மிணி. ஒரு நாளோட தொலஞ்சு போயிரும். வாய்தா வாய்தான்னு நீ கோர்ட்டுக்கு நடந்தயின்னா மாப்ளை ஊட்டுக்காரங்க காதுக்குப் போகாம இருக்குமா? அக்காளை நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். அக்காவை மட்டும் நினைத்தேன். பரீட்சை எழுதியிருக்கிறேன், முடிவு வர வேண்டியிருக்கிறது என்பது அப்பாவுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. அப்பாவையாவது விட்டுவிடலாம். எனக்கு எப்படி நினைவில்லாமல் போனது என்றுதான் இன்றுவரை புரியவில்லை.

கோர்ட்டில் ஜட்ஜ் என்னை நிமிர்ந்து பார்த்தது ஒரே ஒரு தடவைதான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கன்னடத்தில் கேட்டார். "ஒப்கோத்தீனி ஸ்வாமி" என்றேன். வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி தலையையும் குனிந்துகொண்டேன். அபராதம், கூடவே கோர்ட் கலையும் வரை காவல். அதாவது சாயங்காலம் ஜட்ஜ் எழுந்து போகும் வரைக்கும் நான் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அதுதான் சிறை.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். என்னைப் போலவே உட்கார வைக்கப்பட்டிருந்த ஒரு கிழவர், நான் நன்றாக உட்காருவதற்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். என்ன கேஸ் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சைக்கிள் கேஸ், சீட்டாட்டக் கேஸ், வாய்க்கால் தகராறு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மின்விசிறி ஒன்று கடகடவென்று சத்தம் போட்டது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது கிழவர் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிப்போனார். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பசிக்கிறதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். தெரியவில்லை. சாயங்காலம் ஜட்ஜ் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். போகலாம் என்று டவாலி கையைக் காட்டினார். திரும்பும் வழியில் அப்பா எனக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தார்.

அக்கா கல்யாணம் நன்றாக நடந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அம்மா பழைய சேலையைத்தான் கட்டினாள். நான் பந்தியில் எல்லோருக்கும் ரசம் ஊற்றினேன்.

அதற்கப்புறம்தான் அந்தத் தபால் வந்தது. தேர்வானவர்கள் நிரப்பி அனுப்ப வேண்டிய படிவங்களும் கூடவே இருந்தன. பெயர், பிறந்த ஊர், படித்த பள்ளிகள் என்று எழுதிக்கொண்டே வந்தேன். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, எந்த நீதிமன்றத்திலாவது தண்டிக்கப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. பொய்யான தகவல் கொடுத்தால் வேலையில் சேர்ந்த பிறகும் நீக்கிவிடுவோம் என்று கீழே அச்சடித்திருந்தது. அதற்குள் அம்மா இனிப்பு செய்து வீட்டு ஓனர் வரைக்கும் கொடுத்தாகிவிட்டது.

"இல்லைன்னு எழுதிப்போடு. எங்க போய்ப் பாக்கப் போறாங்க?" என்றார் அப்பா.

"போலீஸ்ல விசாரிப்பாங்கப்பா."

"அபராதம் கட்டியாச்சு, முடிஞ்சு போச்சுன்னுதான வக்கீல் சொன்னாரு?"

முடிந்துபோனது என்பதற்கு வக்கீலுக்கு ஓர் அர்த்தம், எங்களுக்கு ஓர் அர்த்தம். டிராஃபிக் போலீசுக்கு ஃபைன் கட்டுவது மாதிரிதான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். நானும் பட்டப்படிப்பு படித்துவிட்டு அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான், குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது என்பது அந்தக் கேள்வியைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஆம் என்று எழுதினேன். நான் ரொம்ப யோக்கியமானவள் என்பதால் அல்ல. மற்றவர்கள் சொன்னபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அதிகாரி மெட்ராஸ்காரர், ஓய்வு பெறும் வயது. என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். தமிழிலேயே பேசினார்.

"நெஜமாவே எடுத்தியாம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் கோர்ட்ல ஒத்துண்ட?"

"அக்கா கல்யாணம் சார்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எரிச்சல்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. "நீ எடுத்தேன்னு சொன்னா திருட்டு. எடுக்கலைன்னு சொன்னா கோர்ட்ல பொய் சொல்லியிருக்க. ரெண்டுல எதை நான் மேல எழுதி அனுப்பறது?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பக்கத்து அறையில் யாரோ வேகமாகத் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. என்னைவிட வேகம் குறைவு. இதை அந்த நேரத்திலும் கவனித்தேன் என்பதை நினைத்தால் இப்போது என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

வேலை இல்லை என்று பதில் வந்தது. காரணத்தை ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்.

அப்பாவும் நானும் திரும்ப வக்கீலிடம் போனோம். அப்பீல் செய்ய முடியுமா என்று கேட்டேன். நானே ஒப்புக்கொண்ட கேஸில் குற்றவாளி இல்லை என்று அப்பீல் போக வழியில்லை என்றார். பிறகு எதையோ யோசித்தவர், நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். முதல் தடவையாக இந்த மாதிரி சின்னத் திருட்டில் மாட்டினால், தண்டனை கொடுக்காமல் கண்டித்து மட்டும் அனுப்பச் சொல்லி ஜட்ஜிடம் கேட்கலாமாம். அப்படி அனுப்பினால், தண்டனையோடு ஒட்டிக்கொண்டு வருகிற வேலைத் தடை இதற்கு வராது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறதாம். அதை வைத்து அலுவலகத்தில் வாதாடியிருக்கலாம் என்றார்.

"அன்னைக்கு ஏன் சார் கேக்கலை?" என்றேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க வேலையைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலையேம்மா. கல்யாணம்னுதானே சொன்னீங்க? அக்காவுக்கு அப்புறம் உங்களுக்கும் கல்யாணம்தானே ஆகணும், வேற என்ன வேணும்னு நானும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் சொல்லவில்லைதான். அந்த அறையில் அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருமே ஒரு பெண்ணின் வாழ்க்கையில் காப்பாற்ற வேண்டியது கல்யாணம் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறோம். மூவரில் ஒருத்தி நான். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கைவிரல்களில் காய்ந்திருந்த சிமென்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று தோன்றியது. திட்டுவதற்கு எழுந்துகொள்கிற அளவுக்குக்கூட உடம்பில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கேள்வி கேட்ட இடங்களில் ஆம் என்று எழுதினேன், பதில் வரவில்லை. கேட்காத இடங்களில் ஒன்றில் சேர்ந்தேன். ஒரு ஜெராக்ஸ் கடை. டைப்பும் அடித்துக் கொடுப்பார்கள். மற்றவர்களுடைய வேலை விண்ணப்பங்களை அடித்துக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் நானும் ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தோம். மைசூருக்கு வந்த பிறகு அம்மா கற்றுக்கொண்ட சமையல் அது. அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பருப்பு ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா கேட்டாள்.

"கண்ணு, அந்தச் சேலைய எனக்குக் காட்டத்தான எடுத்துட்டு வந்தே?"

நான் பிதுக்குவதை நிறுத்திவிட்டேன்.

"இல்ல, கேக்கறேன். நீ எடுத்திருந்தாலும் ஒண்ணுமில்ல கண்ணு. என்ற மனசுக்கு ஒரு கொறையும் கெடையாது. கல்யாணச் செலவு, காசு எங்க இருந்துச்சு நம்மகிட்ட? எனக்காவத்தான எடுத்திருப்பே. எங்கிட்ட மட்டும் சொல்லிப்போடு."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோர்ட்டில் ஜட்ஜ் முன்னால் நின்று, தான் செய்யாததைச் செய்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை மாதமும் அவள் என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தட்டில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டது, சாயங்காலம் காபியைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தது, எல்லாம் அதனால்தான். வாட்ச்மேன் கையைப் பிடித்தபோது வராதது, ஜட்ஜ் கேட்டபோது வராதது, வேலை இல்லை என்ற காகிதத்தைப் படித்தபோது வராதது எல்லாம் அப்போது வந்தது. அவ்வளவு வலித்தது.

"எடுக்கலம்மா. உனக்குக் காட்டத்தான் கொண்டுவந்தேன்" என்றேன்.

"செரி கண்ணு" என்று சொல்லி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவள் நம்பவில்லை.